வீட்டில் ஒரு ஃபயர் சிலிண்டர்: வாங்குவதிலிருந்து பின்னை உருவுவது வரை முழுமையான வழிகாட்டி

போன ஆடி மாதம் அம்மாப்பேட்டையிலிருந்து ஓர் அக்கா தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர் ஒன்றைக் கட்டைப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். "தம்பி, அமுக்குனேன், புஸ்ஸுனு காத்து மட்டுந்தான் வந்துச்சு. என்னான்னு பாருங்க" என்றார். மிச்சக் காற்றை வெளியேற்றிவிட்டு வால்வைக் கழற்றினேன். உள்ளே இறங்கும் குழாய் அசையவே இல்லை. பவுடர் அதைச் சுற்றி இறுகி, கம்பியால் தட்டினால் சிமெண்ட் திண்ணையைத் தட்டுவதுபோலச் சத்தம் வந்தது. புதுமனை புகுவிழாவுக்கு வந்த அன்பளிப்பாம். ஆறு வருடம் அடுப்பு மேடைக்குக் கீழே ஈரத்தில் இருந்திருக்கிறது. ஒருவரும் எடுத்துப் பார்த்ததில்லை. பூஜை அறைத் திரைச்சீலையில் பிடித்த தீயை அவருடைய மாமியார் ஒரு குடம் தண்ணீரில் அணைத்துவிட்டார். குடம் பக்கத்தில் இருந்ததால் வீடு தப்பியது.

சேலத்தில் பதினேழு வருடமாக ஃபயர் சிலிண்டர் ரீஃபில், சர்வீஸ் வேலை செய்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் விலையைக் கேட்கிறார்கள். எப்போது இதைத் தொடக் கூடாது என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உயிரைக் காப்பாற்றும் கேள்வி அதுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: நிற்பதா, ஓடுவதா?

வீட்டுக்கு வாங்கும் சிலிண்டர் பெரும்பாலும் பத்து, பதினைந்து வினாடிகளில் காலியாகிவிடும். இரண்டு கிலோ சிலிண்டர் பத்து வினாடி தாங்கினாலே அதிகம். தீ பிடித்த முதல் நிமிடத்துக்கான கருவி இது. குப்பைக்கூடை அளவுத் தீயை இது அணைக்கும். மெத்தை முழுக்கப் பற்றி, நெருப்பு மேற்கூரையைத் தொட்டுவிட்டால் நான்கு சிலிண்டர் இருந்தாலும் ஆகாது.

ஆகவே கையில் எடுக்கும் முன்பு நான்கு விஷயங்களைப் பாருங்கள். வீட்டில் இருக்கிற மற்ற எல்லோரும் வெளியே போய்க்கொண்டிருக்கிறார்களா? யாராவது 101 அல்லது 112-க்கு போன் போட்டுவிட்டார்களா? தீ உங்கள் இடுப்புயரத்துக்குக் கீழே, ஒரே இடத்தில் நிற்கிறதா? வாசல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதா? நான்குக்கும் ஆமாம் என்றால் நில்லுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள். பூட்ட வேண்டாம், சாத்தினால் போதும். சாத்திய கதவு தீக்குக் காற்று போவதைக் குறைக்கும், புகையையும் கொஞ்ச நேரம் தடுத்து வைக்கும்.

புகையைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுத் தீயில் உயிர் போவதற்குச் சுடரைவிடப் புகைதான் அதிகம் காரணமாகிறது. எரியும் பொருளிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தலை சுற்றுகிறது என்று புரிவதற்குள் கால் துவண்டுவிடும். அறையில் புகை தலைக்கு மேல் கட்டி நின்றாலே அது சிலிண்டரோடு உள்ளே போகிற இடம் இல்லை. குனிந்து, தரையோடு தரையாக வெளியே வர வேண்டிய இடம்.

இரண்டாம் படி: எரிவது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியத் தர நிர்ணயம் தீயை எழுத்துகளால் பிரிக்கிறது. துணி, மரம், காகிதம், மெத்தை போன்று கரியாகி எரிபவை ஏ வகை. பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் போன்ற திரவங்கள் பி. எல்பிஜி போன்ற வாயுக்கள் சி. மெக்னீசியம் போன்ற உலோகங்கள் டி. சமையல் எண்ணெய் எஃப். மின்சாரத்துக்குத் தனி எழுத்து கிடையாது. கரண்டை நிறுத்திவிட்டால் எரிவது ஒயரின் பிளாஸ்டிக்கும் பக்கத்திலிருக்கும் மரமும்தான்.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. அமெரிக்க வீடியோக்களில் சி என்றால் மின்சாரத் தீ, சமையல் எண்ணெய்க்கு கே. நம் ஊர் சிலிண்டரில் சி என்று போட்டிருந்தால் அது வாயு. வீடியோ பார்த்து வந்து "ஏ, பி, சி எல்லாம் இருக்குல்ல, எண்ணெய்க்கும் ஆகும்ல" என்று கேட்டவர்கள் உண்டு. ஏபிசி பவுடர் சிலிண்டரில் எஃப் இல்லை. எண்ணெய்ச் சட்டிக்காக அது செய்யப்படவில்லை.

நம் கடைகளில் கிடைக்கிற எல்லாமே சிவப்பாகத்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது, எழுத்தைப் படிக்க வேண்டும். அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ் இல்லாமல், கருப்பு நிறக் கூம்பு மாட்டியிருந்தால் அது சிஓ2 என்ற கார்பன் டை ஆக்சைடு வாயு. மற்றவை பவுடர், தண்ணீர், ஃபோம் என்ற நுரை, கறை விடாத கிளீன் ஏஜென்ட், எண்ணெய்க்கான வெட் கெமிக்கல் என்ற ரசாயனக் கரைசல்.

சமையலறை: வடச்சட்டித் தீ

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வீட்டுத் தீ பெரும்பாலும் தொடங்குகிற இடம் இது.

பலகாரம் சுடும்போது போன் வருகிறது, வெளியே போய்ப் பேசுகிறோம். எண்ணெய் முதலில் மெல்லிய வெண்புகை விடும். அது எச்சரிக்கை. பிறகு புகை அடர்ந்து கண்ணெரியும். சுமார் 350 டிகிரிக்கு மேல் போனால் நெருப்பு தொடாமலே எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும். அந்த நிமிடம் கை தானாகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போகும். போகவே கூடாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் இறங்கும். இறங்கியதும் ஆவியாகும். ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 பங்காக விரியும். அந்த ஆவி எரிகிற எண்ணெயை அள்ளிக்கொண்டு கூரைவரை எறியும். ஒரு டம்ளர் தண்ணீர் போதும், சமையலறை முழுவதும் தீப்பிழம்பாகிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். அடுப்பின் குமிழியைத் திருகி நிறுத்துங்கள். கை எட்டாவிட்டால், கை சுடும் என்றால் விட்டுவிடுங்கள், அடுத்ததுக்குப் போங்கள். சட்டியைவிடப் பெரிய மூடி, தாம்பாளம், அகலமான தோசைக்கல், எது கிடைத்தாலும் உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் தள்ளி மூடுங்கள். மேலிருந்து நேராக வைத்தால் கையும் முகமும் சுடும். கண்ணாடி மூடி வேண்டாம், வெடிக்கும். மூடியபின் திறந்து பார்க்காதீர்கள். சுடர் அடங்கினாலும் எண்ணெய் சூடாகவே இருக்கும், காற்றுப் பட்டதும் மறுபடி பிடிக்கும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே விடுங்கள். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவது எல்லாவற்றிலும் மோசம். சட்டி தளும்பும், ஓடுகிற காற்றில் சுடர் உங்கள் பக்கமே திரும்பும்.

ஃபயர் பிளாங்கெட் என்ற தீப்போர்வை சமையலறைக்கு நல்ல துணை. ஒரு மீட்டருக்கு மேல் அகலமுள்ள, நெருப்புப் பிடிக்காத துணி. அதன் மேல் முனைகளைக் கையைச் சுற்றி மடித்துப் பிடித்து, விரல் வெளியே தெரியாமல், முன்னால் கேடயம்போல வைத்துக்கொண்டு மூட வேண்டும். பெரிய அண்டாவில் நிறைய எண்ணெய் எரிந்தால் போர்வையையும் நம்ப வேண்டாம், வெளியேறிவிடுங்கள்.

பவுடர் சிலிண்டரைச் சட்டிக்கு அருகில் பிடித்து அமுக்கினால் அந்த வேகத்திலேயே எண்ணெய் சிதறும். பவுடர் எண்ணெயைக் குளிர்விப்பதும் இல்லை, சற்று நேரத்தில் திரும்பப் பிடிக்கும். தீ சட்டியைத் தாண்டி அலமாரிக்குப் பரவியிருந்தால் மட்டும், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று அலமாரியை நோக்கி அடிக்கலாம். ஓட்டலோ பலகாரக் கடையோ நடத்துபவர்கள் எஃப் எழுத்து போட்ட வெட் கெமிக்கல் சிலிண்டர் வாங்கி வைப்பதே முறை. தட்டுவடை, முறுக்கு என்று வீட்டிலேயே நாள் முழுக்கச் சுட்டு விற்கிற குடும்பங்களையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

கேஸ் வாடை வந்தால் ஃபயர் சிலிண்டரைத் தேடாதீர்கள்

2021 நவம்பர் 23 அன்று நம் கருங்கல்பட்டியில் சமையல் கேஸ் வெடித்து அடுத்தடுத்த வீடுகள் இடிந்து விழுந்ததை இந்த ஊர் மறக்காது. இறந்தவர்களில் தீயணைப்புத் துறையைச் சேர்ந்தவர் ஒருவரும் உண்டு. கசிந்து அறையில் தேங்கிய கேஸுக்கு முன்னால் எந்த ஃபயர் சிலிண்டரும் உதவாது. அணைப்பதற்கு அங்கே தீயே இல்லை, வெடிப்பதற்குத்தான் காத்திருக்கிறது.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து சாக்கடைத் துளை, கட்டிலுக்கடி, பள்ளமான மூலை என்று தங்கும். அதற்குச் சொந்த வாடை கிடையாது, மெர்காப்டன் என்ற ரசாயனத்தைக் கலந்துதான் அந்த நாற்றத்தைக் கொடுக்கிறார்கள். வாடை வந்ததும் ஸ்விட்சைப் போடவும் கூடாது, போட்டிருக்கிற ஸ்விட்சை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி வரும். ரெகுலேட்டரை மூடுங்கள். முடிந்தால் கழற்றி, சிலிண்டர் கழுத்தில் நூலில் தொங்கும் மூடியை மாட்டுங்கள். கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வாருங்கள். தெருவுக்கு வந்தபின் 1906-க்குப் பேசுங்கள். கேஸ் கசிவுக்கென்று நாடு முழுவதற்குமான எண் அது.

டியூபிலோ ரெகுலேட்டரிலோ ஏற்கெனவே தீ எரிந்துகொண்டிருந்தால் வேறு கணக்கு. கேஸை நிறுத்தாமல் சுடரை மட்டும் அணைத்தால் எரியாத கேஸ் அறைக்குள் நிரம்பும். கை எட்டினால் ரெகுலேட்டரை மூடுவதுதான் அணைப்பது. ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு மூடலாம். எட்டவில்லை, சிலிண்டர் உடம்பே சூடேறிக்கொண்டிருக்கிறது என்றால் அக்கம்பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொண்டு ஓடுங்கள்.

இரண்டு தேதிகளை இன்றைக்கே பாருங்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தேதி டியூபிலேயே அச்சாகியிருக்கும். கேஸ் சிலிண்டர் வாங்கும்போது அதன் கழுத்துப் பட்டையில் உள்ள எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். அடுத்த பரிசோதனை எந்தக் காலாண்டுக்குள் என்பதை அந்த எழுத்து சொல்கிறது: ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். எண் வருடம். கெடு தாண்டியிருந்தால் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காதீர்கள்.

மூன்றாம் படி: எதை வாங்குவது

சாதாரண வீட்டுக்கு ஏபிசி பவுடர், நான்கு கிலோ, பவுடரோடு வாயுவையும் அழுத்தத்தில் அடைத்திருக்கும் ஸ்டோர்டு பிரஷர் வகை. இது என் தீர்ப்பு. இரண்டு கிலோ வாங்குகிறவர்கள் முதல் ஐந்து வினாடியைப் பதற்றத்திலேயே வீணாக்கிவிடுகிறார்கள். ஆறு கிலோவை வயதானவர்களால் தூக்கி நிற்க முடிவதில்லை. நான்கு கிலோ என்பது உள்ளே இருக்கும் பவுடரின் எடை. தூக்கிப் பார்த்தால் ஆறேழு கிலோ இருக்கும். வாங்கும்போது வீட்டில் பகலில் தனியாக இருப்பவர் யாரோ அவரைக் கூட்டிப்போய்த் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால் இரண்டு கிலோவில் இரண்டு வாங்கி இரண்டு இடத்தில் மாட்டுங்கள்.

கம்ப்யூட்டர், டிவி உள்ள அறைக்கு சிஓ2 நல்லது, கறை மிஞ்சாது. ஆனால் சின்ன அறையில் மூடிக்கொண்டு அடித்தால் மூச்சு முட்டும். வாயு வெளியேறும்போது சுமார் மைனஸ் 78 டிகிரிக்குக் குளிரும். கூம்பைக் கையால் பிடித்தால் தோல் ஒட்டிக்கொண்டு வெந்ததுபோலாகும். கைப்பிடியை மட்டும் பிடியுங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் மேல் ஐஎஸ் 15683 என்ற எண்ணும் இருக்க வேண்டும். முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்று வந்துவிடும். கடைக்காரர் முன்னாலேயே தட்டிப் பாருங்கள், நேர்மையான கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். தயாரித்த மாதமும் வருடமும் புதிதாக இருக்கட்டும். இரண்டு வருடம் குடோனில் கிடந்ததைப் புது விலைக்குத் தருவது இந்தத் தொழிலில் நடக்கிறது.

உருட்டி எறியும் பந்து, ஸ்ப்ரே டப்பா எல்லாம் இப்போது விற்கிறார்கள். கூடுதலாக வைத்துக்கொள்ள ஆட்சேபம் இல்லை. குறி பார்த்து அடிக்கிற சிலிண்டருக்குப் பதிலாக அவற்றை வாங்காதீர்கள்.

நான்காம் படி: எங்கே மாட்டுவது

அடுப்புக்கு மேலே மாட்டுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். அடுப்பு எரியும்போது நெருப்பைத் தாண்டிக் கை நீட்டியா எடுப்பீர்கள்? சமையலறைக்கு வெளியே, வாசலுக்குப் போகும் வழியில் மாட்டுங்கள். எடுக்கப் போனாலே கால் வாசல் பக்கம் போயிருக்க வேண்டும். சிலிண்டரின் அடிப்பாகம் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் இருந்தால் பெரியவர்கள் குனியாமல் எடுக்கலாம். வீட்டின் எந்த மூலையிலிருந்தும் 15 மீட்டருக்குள் ஒன்று கைக்குக் கிடைக்க வேண்டும். மாடி இருந்தால் மாடிக்குத் தனியாக ஒன்று. கதவுக்குப் பின்னால், காலண்டருக்கு அடியில், பூட்டிய அலமாரியில் வேண்டாம்.

ஐந்தாம் படி: பயன்படுத்துவது

கொக்கியிலிருந்து எடுத்து நிமிர்த்திப் பிடியுங்கள், படுக்க வைத்து அடித்தால் பவுடர் முழுதாக வராது. கைப்பிடியில் செருகியிருக்கும் பின்னை நடந்துகொண்டே உருவுங்கள். பின்னில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் சீல் மெல்லியது, பின்னைச் சற்றுத் திருகி இழுத்தால் அறுந்துவிடும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடியே பின்னை இழுப்பார்கள், அழுத்தத்தில் பின் சிக்கிக்கொள்ளும். கைப்பிடியைத் தளர்த்தினால் வழுக்கிக்கொண்டு வரும்.

தீயிலிருந்து இரண்டரை மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். நான்கைந்து எட்டு எடுத்து வைத்தால் தீயைத் தொடும் தூரம் அது. திறந்த இடமாக இருந்தால் காற்று முதுகில் படும்படி. ஹோஸின் நுனியை ஒரு கையில் இறுகப் பிடித்து எரியும் பொருளின் அடியைக் குறி வையுங்கள். கண் சுடரைத்தான் பார்க்கும், கை அடியைப் பார்க்க வேண்டும். சுடருக்கு அடித்த பவுடர் எல்லாம் வீண். கைப்பிடியை முழுதாக அமுக்குங்கள். கூட்டிப் பெருக்குவதுபோல இடமும் வலமுமாக வீசிக்கொண்டே, தீ பின்வாங்கப் பின்வாங்க ஒவ்வோர் அடியாக முன்னே போங்கள். பவுடர் எழும்பி எதிரில் ஒன்றும் தெரியாமல் போகும். பயப்படாதீர்கள், ஒரு வினாடி நிறுத்திப் பார்த்து மறுபடி அடியுங்கள்.

தீ அடங்கியதும் முதுகைக் காட்டித் திரும்பாதீர்கள். தீயைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வாருங்கள். மெத்தை, பஞ்சு, துணி மூட்டை இவற்றில் மேலே சுடர் போனாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மின்சாரம் நின்றதை உறுதி செய்துகொண்டு தண்ணீர் ஊற்றி நன்றாக ஊறவிடுங்கள். சிலிண்டர் காலியாகியும் தீ நிற்கவில்லை என்றால் அதை அங்கேயே போட்டுவிட்டு வெளியேறுங்கள்.

மின்சாதனமாக இருந்தால் முதல் வேலை மெயின் ஸ்விட்ச். நம் வீடுகளில் ஒன்றை மறந்துவிடுகிறோம்: மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் வேலை செய்துகொண்டே இருக்கும். அதையும் நிறுத்துங்கள். கரண்ட் ஓடும் பொருளில் தண்ணீர் ஊற்றினால் உங்கள் உடம்பு வழியாகத்தான் பாயும்.

பேட்டரி ஸ்கூட்டர்

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். லித்தியம் பேட்டரி தீயை வீட்டுப் பவுடர் சிலிண்டர் நிறுத்தாது. உள்ளே நடக்கும் வேதிவினை தன் வெப்பத்திலேயே அடுத்தடுத்த செல்லுக்குப் பரவும், அணைந்ததுபோலத் தெரிந்து மறுபடி பிடிக்கும், நச்சுப் புகையும் விடும். ஆகவே வாசற்படியில், மாடிப்படிக்கடியில், தூங்கும் அறைக்கு வெளியே நடையில் சார்ஜ் போடாதீர்கள். எரிந்தால் நீங்கள் வெளியேற இருக்கும் ஒரே வழியை அது அடைத்துக்கொள்ளும். கம்பெனி கொடுத்த சார்ஜரையே பயன்படுத்துங்கள், ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். புகை வந்தால் ஓடுங்கள், 101-க்குப் பேசும்போது பேட்டரி வண்டி என்று சொல்லுங்கள்.

தறி வீடு, கொலுசுப் பட்டறை, மலை வீடு

அம்மாப்பேட்டைப் பக்கம் தறியும் குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும். மோட்டார் மேலும் ஒயர் மேலும் பஞ்சுத்தூசி படிந்து கிடக்கும், ஒரு பொறி போதும். அந்தத் தூசி மேல் பவுடரைக் கிட்டப் போய் வேகமாக அடித்தால் எரிகிற பஞ்சே பறந்து தறியில் ஓடும் பாவு நூல் மேல் விழும். தள்ளி நின்று அடியுங்கள், பின்பு தண்ணீரால் ஊறவையுங்கள். வாரம் ஒருமுறை தூசி பெருக்குவது எந்த சிலிண்டரையும்விடப் பெரிய பாதுகாப்பு. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு பக்கம் வீட்டிலேயே கொலுசுக்குப் பொடி வைத்து கேஸ் சுடரில் ஊதிப் பற்றவைக்கிறவர்கள் கேஸ் டியூபை மாதம் ஒருமுறை சோப்பு நுரை தடவிச் சோதியுங்கள், குமிழ் வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஏற்காட்டில் கணக்கு வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அங்கிருந்து எஸ்டேட் பாதையில் திரும்பி ஒரு வண்டி வருவதற்குள் நீங்கள்தான் தீயணைப்புப் படை. மலைமேல் உள்ள தனி வீட்டுக்கு நான்கு கிலோ சிலிண்டர் இரண்டு வையுங்கள், வாசலில் தண்ணீர் நிறைந்த பேரல் ஒன்றும் மணல் நிறைந்த வாளி இரண்டும். பழைய ஃபயர் வாளிகளுக்கு அடி உருண்டையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தரையில் நிற்காது என்பதால் யாரும் வேறு வேலைக்கு எடுத்துப்போக மாட்டார்கள், அதற்காகவே அப்படிச் செய்தார்கள். முதுகில் மாட்டும் புதிய ஸ்பிரேயர் ஒன்றைத் தண்ணீருக்கென்றே ஒதுக்கி வைத்தால், முற்றத்துச் சருகுத் தீக்கு அது ஃபயர் சிலிண்டரைவிட உதவும். மருந்தடித்த ஸ்பிரேயரை எடுக்காதீர்கள். மாசி, பங்குனியில் சில்வர் ஓக் சருகு முழங்கால் அளவு கிடக்கும், வீட்டைச் சுற்றிச் சில மீட்டருக்காவது பெருக்கி வெறும் மண்ணாக வையுங்கள். காட்டுக்குள் தீ நுழைந்துவிட்டால் சிலிண்டரோடு பின்னால் போகாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மலைக் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குவது தீ இல்லாமலே கொல்லும். அங்கும் அதே கார்பன் மோனாக்சைடுதான்.

மலைமேல் ஒரு தங்கும் விடுதியில் சர்வீஸுக்குப் போனபோது மூன்று சிலிண்டரும் ஸ்டோர் ரூமில், பூட்டுக்குள் இருந்தன. கெஸ்டு பிள்ளைகள் விளையாடுகிறார்களாம். சாவி சமையல்காரரிடம், அவர் நாகலூர் சந்தைக்குப் போயிருந்தார். அன்று மாலையே நடைக்கு எடுத்து மாட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.

பராமரிப்பும் விதிகளும்

மாதம் ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள், ஈபி பில் கட்டுகிற நாள் நல்லது. கேஜ் முள் பச்சையில் இருக்கிறதா, பின்னும் சீலும் இருக்கின்றனவா, உடம்பில் துரு அல்லது நசுங்கல் உண்டா என்று பாருங்கள். ஹோஸின் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். நம் ஊரில் குளவி மண்ணால் கூடு கட்டி அடைத்துவிடும், நானே எத்தனையோ தோண்டி எடுத்திருக்கிறேன். சிலிண்டரைத் தலைகீழாகச் சாய்த்தால் பவுடர் சரிந்து விழுவது கையில் தெரியும், தெரியாவிட்டால் இறுகியிருக்கலாம். அந்த அக்காவின் சிலிண்டர் இப்படி ஒருமுறை சாய்த்திருந்தாலே காட்டிக்கொடுத்திருக்கும். சிஓ2-க்குக் கேஜ் இல்லை, எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். உடம்பில் பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிட்டுக் குறைந்திருந்தால் ரீஃபிலுக்குக் கொடுங்கள்.

வருடம் ஒருமுறை ஆள் வரவழைத்து சர்வீஸ். பவுடர் சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் சிஓ2-க்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் உடம்பின் பலத்தைச் சோதிக்கும் ஹைட்ராலிக் பிரஷர் டெஸ்ட். பராமரிப்புக்கான ஐஎஸ் 2190 விதிமுறைப்படி பவுடர் சிலிண்டரின் ஆயுள் பத்து ஆண்டு, சிஓ2-க்குப் பதினைந்து. அதன்பின் ரீஃபில் கூடாது, மாற்ற வேண்டும். ஒரு வினாடி அடித்திருந்தாலும் ரீஃபில் செய்யுங்கள்: வால்வில் பவுடர் சிக்கிக் காற்று மெல்ல இறங்கிவிடும்.

ரீஃபில் விஷயத்தில் என் தொழிலில் நடக்கும் அநியாயத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டிக்கரை மட்டும் மாற்றி ஒட்டிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உலர்ந்த நைட்ரஜனுக்குப் பதில் பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்றை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காற்றில் உள்ள ஈரம்தான் பவுடரைக் கல்லாக்குகிறது. உங்கள் கண் முன்னால் காலி செய்து, புதுப் பவுடர் போட்டு, எடை காட்டி, எந்த வாயு ஏற்றினார்கள் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடங்களுக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அப்படிப்பட்ட அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் நடையில் மாட்டியிருக்கும் சிலிண்டரின் தேதியைச் சங்கத்திடம் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. தனி வீட்டில் யாரும் வந்து கேட்கப்போவதில்லை, நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தீ அணைந்த பிறகு

ஜன்னலைத் திறந்து பவுடர் அடங்கும்வரை வெளியே இருங்கள். மூக்கு, தொண்டை எரியும். ஆஸ்துமா உள்ளவர்கள் உள்ளே வரவே வேண்டாம். பவுடரை முதலில் உலர்வாகப் பெருக்கி எடுத்துவிட்டு ஈரத் துணியால் துடையுங்கள். ஈரம் பட்டு அப்படியே விட்டால் உலோகத்தை அரிக்கும். பவுடர் பட்ட டிவி, மிக்ஸியை மெக்கானிக்கிடம் காட்டாமல் போடாதீர்கள். அதே இடத்தில் திறந்திருந்த சாப்பாட்டைக் கொட்டிவிடுங்கள். தீக்காயம் பட்டிருந்தால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் பூச வேண்டாம். 108-க்கு போன் செய்யுங்கள். உடையில் தீப்பிடித்தவர் ஓடக் கூடாது, படுத்து உருள வேண்டும்.

இன்னொன்று, இதை வீட்டில் இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளலாம். தீயணைப்பு வண்டி பெரியது. செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் ஒரு முனையில் நுழையும், மறுமுனையில் மாடு கட்டியிருக்கும், பைக் நிற்கும். உங்கள் தெருவில் எந்த முனை வழியாக வண்டி வரும், பக்கத்தில் கோயிலா பள்ளியா எது அடையாளம் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். போனில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். சொல்லி முடித்ததும் ஒருவர் அந்த முனைக்கு ஓடிப்போய், ராத்திரியாக இருந்தால் கையில் டார்ச்சோடு, வண்டி வரும்வரை நிற்க வேண்டும்.